பிக்கப்பில் பிக்கப் இல்லை: டியூனிங் பெட்டியா, ரெடிமேட் ஃபைலா, அளவெடுத்த ரீமேப்பா?

கேப்பர் மலை என்று பெயர்தான் மலை. கடலூர்க்காரர்களுக்குத் தெரியும், அது ஒரு செம்மண் மேடு. அந்த மேட்டின் மேல் இருக்கும் எங்கள் முந்திரித் தோப்புக்கு எரு மூட்டை ஏற்றிப்போகும்போது என் இசுசு வி-கிராஸ் இரண்டாம் கியருக்கு இறங்கி முக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்து முந்திச் சென்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், "பிக்கப் வண்டிக்கே பிக்கப் இல்லையே மாமா?" என்று கேட்டான். அன்று ஆரம்பித்த தேடல் இது.

குற்றம் வண்டியுடையது அல்ல, என்னுடையது. 2.5 லிட்டர் டீசல், 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று வந்த வண்டியில் பின்பக்கக் கூடு, கேரியர், அடிப்பக்கத் தகடு என ஒவ்வொன்றாக மாட்டினேன். எடை மேடையில் 190 கிலோ கூடியிருந்தது. அதைவிடப் பெரிய தப்பு டயர். 245/70 ஆர்16 இருந்த இடத்தில் 265/75 ஆர்16 போட்டேன். கணக்குப் போட்டால் விட்டம் 749 மில்லிமீட்டரிலிருந்து 804 ஆகிறது, அதாவது 7 விழுக்காடு கூடுதல். டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் உருள்வதால் கியர்கள் எல்லாம் அதே அளவுக்கு நீண்டுவிட்டன. சாலையைத் தள்ளும் விசையில் பார்த்தால் 320 நியூட்டன் மீட்டர் 298 ஆகிவிட்டதற்குச் சமம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-இல் போய்க்கொண்டிருக்கும்.

இதைச் சரிக்கட்ட எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. நான்காவதாக, மிதியில் செருகும் த்ராட்டில் கண்ட்ரோலர் என்று ஒன்று விற்கிறார்கள். கால் பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாக இன்ஜினிடம் சொல்லும், அவ்வளவுதான். முழு மிதியில் ஒரு குதிரைத்திறன்கூட அதிகமாகாது. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

முதலில் டியூனிங் பெட்டி. ரேஸ்சிப் போன்ற ஜெர்மன் தயாரிப்புகள் முதல் பெயரே இல்லாத பெட்டிகள் வரை கிடைக்கின்றன. அரியாங்குப்பத்தில் இருக்கும் நண்பர் தன்னிடம் சும்மா கிடந்த ஒன்றை இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார். மாட்டப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயான எரிபொருள் ரெயிலில் இருக்கும் அழுத்த சென்சாரின் பிளக்கைக் கழற்றி, நடுவில் பெட்டியைச் செருக வேண்டியதுதான்.

பெட்டி செய்யும் வேலை ஒரு பொய். காமன் ரெயில் டீசலில் அழுத்தம் 1,600 பாரையும் தொடும். ரெயிலில் 1,600 இருக்கும்போது பெட்டி இன்ஜினின் கணினியான இ.சி.யு.விடம் 1,450 என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "குறைகிறதே" என்று இ.சி.யு. பம்பை இன்னும் முடுக்கும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அதே நேரத்துக்குத்தான் திறந்தாலும் அதன் வழியாக அதிக டீசல் உள்ளே போகும். நல்ல பெட்டிகள், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் காற்றழுத்த சென்சாரையும் சேர்த்துக் கையாளும். மலிவானவை டீசலை மட்டும் கூட்டிவிட்டுக் காற்றை அப்படியே விட்டுவிடும். அந்தக் கணக்கு புகையாக வெளியே வரும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலியாகத் திரும்பும்போது வண்டி நன்றாகவே இழுத்தது, மறுக்க மாட்டேன். ஆனால் கைப்பேசியில் ஓ.பி.டி. ஸ்கேனரை இணைத்துப் பார்த்தபோது ரெயில் அழுத்தம் பெட்டி இல்லாதபோது இருந்த அதே எண்ணைக் காட்டியது. ஸ்கேனர் படிப்பது இ.சி.யு. நம்பும் எண்ணை. இ.சி.யு. நம்புவதோ பெட்டி சொன்ன பொய்யை. ஆக, உள்ளே உண்மையில் எவ்வளவு அழுத்தம் என்று வண்டி ஓட்டுகிற எனக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது. மைலேஜ் கதையும் இதேதான். டேஷ்போர்டு லிட்டருக்கு 13.8 என்று பூரிக்க வைத்தது. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்டால் 12.1. பெட்டி இல்லாமல் 12.4 வந்துகொண்டிருந்தது. பெட்டி மாட்டியவர்கள் மைலேஜ் கூடியது என்று சொல்லும்போது எதில் பார்த்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எரு மூட்டையோடு கேப்பர் மலை ஏறியபோது கண்ணாடியில் பின்னால் சாலையே தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு. இன்னொன்று, நம் ஊர் உப்புக் காற்று. நண்பரின் பெட்டியின் பிளக்கைக் கழற்றியபோது பின்களில் பச்சை படிந்திருந்தது. துறைமுகம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பெட்டிக்குச் சாதகமான ஒரே பெரிய வாதம், கழற்றிவிடலாம் என்பது. கழற்றினால் வண்டி பழைய வண்டி.

இரண்டாவது, வீட்டுக்கே வந்து ரெடிமேட் ஃபைல் ஏற்றுகிறவர்கள். ஃபைல் என்பது இ.சி.யு.வுக்குள் இருக்கும் மென்பொருள். அதை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். என் மச்சான் புதுச்சேரி வில்லியனூரில் இருக்கிறான், அவனிடமும் இதே வண்டிதான். அவன் வாசலில்தான் இதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்தார். கையில் இருந்த கருவி இத்தாலியின் ஏலியன்டெக் நிறுவனம் செய்யும் 'கெஸ்' போலவே இருந்தது. போலி என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகினார், பழைய ஃபைலைப் படித்தார், எங்கோ இருக்கும் ஒருவருக்கு அனுப்பினார். டீ குடித்து முடிப்பதற்குள் புது ஃபைல் வந்துவிட்டது.

ஃபைல் எழுதும்போது பேட்டரி மின்னழுத்தம் சரிந்தால் இ.சி.யு. பாதியில் நின்று செத்துப்போகும். அதனால் சார்ஜர் ஒன்றை இணைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். தம்பி இணைக்கவில்லை. மச்சான் பாட்டுக்கு ஏ.சி. ஃபேனை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்தான் அணைக்கச் சொன்னேன். டயர் அளவு என்ன, கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, சுமை ஏற்றுவீர்களா என்று ஒரு கேள்வியும் வரவில்லை. "420 நியூட்டன் மீட்டர் அண்ணே" என்றார். அசல் ஃபைலைக் கேட்டதற்கு, "சர்வரில் பத்திரமாக இருக்கிறது" என்று பதில்.

மூன்று வாரம் மச்சான் கால் தரையில் இல்லை. நான்காம் வாரம் திண்டிவனம் சாலையில் நாலாம் கியரில் முந்தப்போனபோது இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் எகிறியது, வண்டி எகிறவில்லை. கிளட்ச் வழுக்கிவிட்டது. கம்பெனிக் கிளட்ச் 320-க்குக் கொஞ்சம் மேலே வைத்துச் செய்யப்பட்டது. 420-ஐ, அதுவும் 1,800 ஆர்.பி.எம்.முக்குக் கீழேயே கொட்டினால் அது என்ன செய்யும்? கிளட்ச் வேலைக்கு ஆன செலவு, ஃபைலுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு அவமானம் நேர்ந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய நகரில் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் ரீமேப் பற்றி ஆலோசனை கேட்கப் போனேன். அவர் பதில் சொல்லாமல் பானெட்டைத் திறந்து, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கையால் தடவினார். விரலில் எண்ணெய். இன்ஜினை முடுக்கச் சொல்லிவிட்டுச் சோப்பு நுரையைப் பூசினார். குழாயின் அடிப்பக்கம், கிளாம்ப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி, நுரை கொப்பளித்தது. வயதான ரப்பரில் நகம் போன்ற வெடிப்பு. டர்போ அழுத்தித் தரும் காற்று அதன் வழியே தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. குழாயையும் டீசல் ஃபில்டரையும் மாற்றிய பிறகு இழந்த இழுவையில் பாதி திரும்பி வந்துவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் பெட்டியை மாட்டி இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறேன்! பெட்டிக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால், நான் பார்த்த கறுப்புப் புகையில் ஒரு பங்கு இந்த வெடிப்பையும் சேரும்.

மூன்றாவது, உங்கள் வண்டிக்கென்று அளவெடுத்துச் செய்யும் ரீமேப். கருவி, முறை எல்லாம் இரண்டாவது வழியைப் போலத்தான் தோன்றும். வித்தியாசம் ஆளில் இருக்கிறது. பெங்களூரில் ரீமேப் செய்யும் ஓர் இடத்துக்கு நான் பேசியபோது எதிர்முனையில் இருந்தவர் விலை சொல்வதற்கு முன் பத்து நிமிடம் கேள்வி கேட்டார். டயர், எடை, கிளட்ச், கடைசியாக இன்ஜெக்டர் சோதித்தது எப்போது. பிறகு ஒரு வேலை கொடுத்தார். மூன்றாம் கியரில் 1,500-லிருந்து 3,500 ஆர்.பி.எம். வரை முழு மிதியில் ஓட்டி, டர்போ அழுத்தம், ரெயில் அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பம் எல்லாவற்றையும் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். விடியற்காலையில் காலியான சாலையில் அதைச் செய்தேன்.

நேரில் போனபோது 420 எல்லாம் பேசவில்லை. "சுமை வண்டிக்கு 375 போதும், அதையும் 1,800-க்கு மேல்தான் தருவேன்" என்றார். டீசல் அளவு, டர்போ அழுத்தம், புகைக் கட்டுப்பாடு மூன்றையும் சேர்த்து மாற்றுகிறார்கள். அதனால் இ.சி.யு.விடம் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஸ்கேனர் காட்டும் எண் உண்மை எண். வண்டியின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி முன்னும் பின்னும் அளந்தார்கள். டைனோ சக்கரத்தில் அளப்பதால் எண் எப்போதும் கம்பெனி சொன்னதைவிடக் குறைவாகவே வரும். ஒரே டைனோ, ஒரே நாள் என்றால் மட்டும் இரண்டு எண்களை ஒப்பிடுங்கள்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் கடல் மட்டத்திலேயே இருக்கிறோம். அங்கே காற்று மெலிது, குளுமை. இங்கே கத்திரி வெயிலில் இன்டர்கூலருக்குள் போகும் காற்றே நெருப்பு. அங்கே அழகாக இருந்த ஃபைல் இங்கே அப்படியே நடந்துகொள்ளாது. அதனால் ஊர் திரும்பியதும், மே மாதம், மூட்டையோடு கேப்பர் மலை ஏறிய பதிவை அனுப்பினேன். ஒரு திருத்தம் வந்தது, டீசல் சற்றுக் குறைத்து. இந்தத் திருத்தத்துக்குத் தனிக் காசு கேட்கிறார்களா என்பதை முன்பே பேசிவிடுங்கள். என்னிடம் கேட்கவில்லை. கூடவே டர்போவுக்கு முன்னால் புகை வெப்பத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றையும் மாட்டினேன். சுமையோடு நீண்ட ஏற்றத்தில் அது 700 டிகிரியைத் தாண்ட ஆரம்பித்தால் காலைத் தளர்த்துகிறேன்.

சட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதியற்ற மாற்றத்துக்கு 2019 திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கழற்றக்கூடிய பெட்டிக்கு இதெல்லாம் பொருந்தாது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். எஃப்.சி. புகைச் சோதனை ஒரு பக்கம் இருக்க, விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் வந்து பார்க்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளின் கதையே வேறு. 1.9 லிட்டரில் 163 பி.எஸ். குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் என்று வரும் புதிய வி-கிராஸ் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வாரண்டி முடியும்வரை எதையும் தொடாதீர்கள். கூடுதல் டீசல் தரும் கரி முழுவதும் டி.பி.எஃப். வடிகட்டியில் அடையும். அதைக் கழற்றிவிட்டு ஃபைலில் மறைத்துத் தருகிறோம் என்பவரிடம் பேச்சையே நிறுத்திக்கொள்ளலாம். சர்வீஸில் மென்பொருளைப் புதுப்பித்தால் காசு கொடுத்து ஏற்றிய ரீமேப் அழிந்துபோகும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

பழைய வண்டி, சுமை ஏற்றுவதில்லை, எப்போதாவது வார இறுதியில் ஏற்காடு என்றால் தரமான பெட்டி ஒன்றைக் குறைந்த அளவில் வைத்து ஓட்டலாம், பின்களை மட்டும் மாதம் ஒருமுறை துடையுங்கள். என்னைப் போலச் சுமை என்றால் மூன்றாவது வழிதான். வாசலுக்கு வரும் ஃபைலை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், மச்சான் கோபித்துக்கொண்டாலும்.

என் அசல் ஃபைல் இரண்டு பென் டிரைவில் இருக்கிறது. ஒன்று பீரோவில், ஆர்.சி. புத்தகத்தோடு. மற்றொன்றை மெக்கானிக் அண்ணன் தன் மேசை அறையில் போட்டு வைத்திருக்கிறார். மச்சானின் அசல் ஃபைல் இன்னும் சர்வரில்தான். அந்தத் தம்பியின் கைப்பேசி எண் இப்போது உபயோகத்தில் இல்லை.