கதவு சாத்தாத மெஷினுக்குப் போர்டு மாற்றிய கதை

வாஷிங் மெஷின் கதவு சாத்தவில்லை என்று நீங்கள் கூப்பிட்ட ஆள், கதவை விட்டுவிட்டு மெஷினின் மேல்மூடியைக் கழற்றி, மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டில் கை வைத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்தவில்லை. 6,850 ரூபாய் போனது. பணத்தோடு இன்னொன்றும் போனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம். குரோம்பேட்டையில் நான்கு நாளாக விடாத மழை. மொட்டைமாடிக் கொடி இருந்தும் இல்லாத மாதிரிதான். மெஷினில் நன்றாகப் பிழிந்து, ஹாலில் ஃபேனுக்கு அடியில் விரித்தால்தான் மறுநாள் பையன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போக முடியும். அந்த நேரம் பார்த்து எங்கள் ஃப்ரண்ட் லோடு மெஷின் மக்கர் செய்தது. கதவைச் சாத்தினால் வழக்கமாக வரும் 'டக்' சத்தம் வரவில்லை. தள்ளினால் எதிலோ போய் இடித்தது, கையை எடுத்ததும் மெதுவாகத் திறந்துகொண்டது. முழங்காலால் முட்டுக்கொடுத்தபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன். திரையில் கதவுக் கோளாறுக்கான எழுத்துகள் மின்னின, அவ்வளவுதான்.

வாரண்டி முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அட்டையைத் தேடப் பொறுமை இல்லை. போனை எடுத்து, கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர் சென்னை' என்று தேடி, முதலில் வந்த எண்ணை அழுத்தினேன். அதன் மேல் பொடி எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் உறைத்திருக்காது. அது விளம்பரத்துக்குக் காசு கட்டியவரின் எண், கம்பெனியின் எண்ணாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மேப்பில் வரும் கடைகளையும் நம்புவதற்கில்லை.

போனை எடுத்த பெண் இனிமையாகப் பேசினார். "கம்பெனி சர்வீஸ்தானே?" என்று கேட்டேன். "ஆமா மேடம், ஆத்தரைஸ்டு" என்றார். மாடல் எண் கேட்கவில்லை, வாங்கிய தேதி கேட்கவில்லை, புகார் எண் என்று எஸ்எம்எஸ் எதுவும் வரவில்லை. விலாசத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, விசிட் சார்ஜ் 350 ரூபாய் என்றார். ஒன்றரை மணி நேரத்தில் ஆள் வாசலில் நின்றார். தீபாவளி வாரத்தில், கொட்டும் மழையில்! எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

வந்தவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கம்பெனி லோகோ போட்ட டி-ஷர்ட் அணிந்திருந்தார். அடையாள அட்டை இல்லை, எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை. கதவைத் திறந்தார், சாத்தினார், ஓரத்தைப் பிடித்து லேசாக மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சேர்த்துப் பத்து வினாடி இருக்கும். (இந்தப் பத்து வினாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) அதற்கப்புறம் கதவுப் பக்கமே போகவில்லை. மெஷினை முன்னால் இழுத்து, பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, மேல்மூடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மீட்டரால் அங்கங்கே தொட்டார். மீட்டர் பீப் பீப் என்றது.

"போர்டு போயிடுச்சு மேடம்."

ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார். "கதவு சாத்தலைன்னா போர்டு என்னப்பா பண்ணும்? சாத்தறது கைதானே?"

"பாட்டிம்மா, இப்பல்லாம் எல்லாமே சென்சார். போர்டு சிக்னல் குடுத்தாத்தான் லாக் வாங்கும்."

அத்தை விடவில்லை. "பீரோக் கதவு சாத்தலைன்னாலும் கரண்டைத்தான் பார்ப்பியா?"

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. "சும்மா இருங்கத்தை, அவருக்குத் தெரியாதா?" என்று அடக்கினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எழுபத்து நான்கு வயது மனுஷி அவர். அன்று வீட்டில் ஒழுங்காக யோசித்த ஒரே ஆளும் அவர்தான்.

புதுப் போர்டு 11,000 ரூபாய் ஆகுமாம். "உங்களுக்காக" ரிப்பேர் செய்து தருவதென்றால் 6,500. அட்வான்ஸ் 4,000. பணம் அனுப்பப் போனபோது திரையில் ஏதோ தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டதற்கு "எங்க கேஷியர் மேடம்" என்றார். விசிட் சார்ஜையும் வாங்கிக்கொண்டு, போர்டைக் கழற்றி ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு எடுத்துப் போய்விட்டார். ரசீது? "வேலை முடிஞ்சதும் சேர்த்துத் தர்றோம்."

இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார். போர்டை மாட்டினார், கதவைச் சாத்தினார், 'டக்' என்றது. என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து மூன்று முறை திறந்து சாத்திக் காட்டினார். மிச்சம் 2,500 ரூபாயைக் கொடுத்தேன். 'மூன்று மாதம் கேரண்டி' என்று பேனாவால் எழுதிய பில்லைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், நான் துணியைப் போட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்தவில்லை.

போன் செய்தேன். முதல் தடவை, "ஓவர் லோடு போட்டிருப்பீங்க." அடுத்த தடவை, "அப்போ லாக்கும் போயிருக்கும், அதுக்குத் தனியா 3,200 ஆகும்." மூன்றாவது தடவை எண் பிளாக்.

அன்று இரவுதான் உட்கார்ந்து வாரண்டி அட்டையைத் தேடினேன். அத்தையின் டிரங்குப் பெட்டியில், எல்ஐசி பத்திரங்களுக்கு நடுவே பத்திரமாக இருந்தது. அதிலிருந்த கம்பெனி எண்ணுக்கும் நான் கூப்பிட்ட எண்ணுக்கும் ஓர் இலக்கம்கூடப் பொருந்தவில்லை. அந்த எண்ணில் பதிவு செய்ததும் புகார் எண் எஸ்எம்எஸ்ஸாக வந்தது, வரப்போகும் ஆளின் பெயரும் வந்தது. ஆள் வர மூன்று நாள் ஆனது. நியாயம்தான், தீபாவளி வாரம்.

இந்தத் தடவை வந்தவர் நடுவயதுக்காரர், கழுத்தில் அடையாள அட்டை. முதலில் சொன்ன வார்த்தையே "ப்ளக்கைப் புடுங்கிடுங்கக்கா" என்பதுதான். அப்புறம் கதவைச் சாத்திப் பார்த்தார், இடித்தது. கதவின் அடியில் இரண்டு விரலைக் கொடுத்து லேசாகத் தூக்கியபடி தள்ளினார். 'டக்'.

கரண்டே இல்லாத மெஷின்!

ஃப்ரண்ட் லோடு கதவில் கனமான கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அவ்வளவு எடையையும் ஒரு பக்கம் இருக்கும் கீல்தான் தாங்குகிறது. எங்கள் வீட்டில் பையன் திறந்த கதவின் மேல் சாய்ந்துகொண்டுதான் உள்ளே துணியைத் தேடுவான். நானும் ஈரத் துணிப் பக்கெட்டைக் கொஞ்ச நேரம் அதன் மேல் வைத்துக்கொண்டு எடுப்பேன். கீலின் போல்ட் தளர்ந்து கதவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. கதவிலிருக்கும் கொக்கி எதிரே உள்ள துளைக்குள் நுழையாமல் அதன் கீழ் உதட்டில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் கீலை இறுக்கி, உயரம் பார்த்து, கொக்கியையும் சுத்தம் செய்து கொடுக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. சார்ஜ் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90, மொத்தம் 590 ரூபாய்.

"அப்போ முதல்ல வந்தவர் எப்படி மூணு தடவை சாத்திக் காட்டினார்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இடது கையைக் கதவின் அடியில் வைத்துக் காட்டினார். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த ஆள் மூன்று முறையும் இரண்டு கையாலும்தான் சாத்தினார். முதல் நாள் கதவை ஆட்டிப் பார்த்த அந்தப் பத்து வினாடியிலேயே கோளாறு என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் கதவுப் பக்கம் போகவில்லை. வேலை தெரியாதவர் என்றால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

போர்டுக்கும் கதவுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் கதவு சாத்தின பிறகு. கொக்கி துளைக்குள் போய் மாட்டுவது வெறும் ஸ்பிரிங் வேலை. அதற்கப்புறம் ஸ்டார்ட் அழுத்தினால்தான் போர்டு லாக்குக்குக் கரண்ட் அனுப்பும். பல மெஷின்களில் லாக்கின் உள்ளே ஒரு குட்டி ஹீட்டரும் சூடு பட்டால் வளையும் உலோகப் பட்டையும் இருக்கின்றன. பட்டை வளைந்து ஒரு முளையைத் தள்ளிக் கதவைப் பூட்டும். துவைத்து முடித்தபின் ஒன்றிரண்டு நிமிடம் கதவு திறக்காமல் அடம்பிடிப்பதும் அந்தப் பட்டை ஆறுவதற்காகத்தான். ஆகவே கதவு 'டக்' என்று சாத்திக்கொண்டும் மெஷின் ஓடவில்லை என்றால் லாக், ஒயர், போர்டு என்று பேசலாம். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துச் சாத்தும்போதும் கதவு மாட்டவில்லை என்றால், போர்டைப் பற்றிப் பேசுகிறவரிடம் பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் கீல். உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். அவர் வேலை செய்துகொண்டே சொன்னதில் எனக்கு நினைவிருப்பது இது. கதவு படியும் வாயைச் சுற்றியிருக்கும் கேஸ்கட் ரப்பரின் மடிப்பில் முழுக்க விரலை விட்டுத் தடவ வேண்டும். குழந்தை சாக்ஸ், கைக்குட்டை, துப்பட்டா நுனி எதுவும் அங்கே சிக்கியிருக்கும், ரப்பரே ஓரிடத்தில் பிதுங்கியும் இருக்கலாம். அப்புறம் கதவின் கொக்கியை விரலால் அழுத்திவிட வேண்டும், துள்ளித் திரும்ப வேண்டும். தொங்கினாலோ ஒருபக்கம் சாய்ந்தாலோ அதைத் தாங்கும் கம்பி நழுவியிருக்கும் அல்லது ஸ்பிரிங் விட்டிருக்கும். பிறகு எதிரே உள்ள துளைக்குள் டார்ச் அடிக்க வேண்டும். உடைந்த ஜாக்கெட் கொக்கி, சோப்புத்தூள் கட்டி, எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்புப் பொருக்கு எல்லாம் அங்கே சேரும். ஸ்பூன், ஸ்க்ரூடிரைவர் விட்டுக் குடையக் கூடாது. சில லாக்குகளில் உள்ளே நகரும் தகடு ஒன்று உண்டு, அது கொக்கி வராமலேயே நகர்ந்துவிட்டால் அப்புறம் கொக்கி நுழையவே நுழையாது. எங்கள் பையனை மாதிரிக் குடையும் கைகள் உள்ள வீட்டில் இதையும் யோசியுங்கள். கடைசியாக, கதவைத் தூக்கிச் சாத்திப் பார்ப்பது. தூக்கினால் சாத்துகிறதா, கீல்தான்.

சரி, பணம்? 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் போன் செய்தேன், புகார் பதிவானது. பணம் அனுப்பிய உடனே கூப்பிட்டால்தான் அதைப் பாதியில் மடக்க வாய்ப்பு அதிகம். நானோ ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லி வைத்தேன். செங்கல்பட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருட அவகாசமும் உண்டு. ஆனால் யார் மேல் போடுவது? பில்லில் சென்னை விலாசம் என்று ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் ஆபீஸ் முடிந்து அந்தத் தெருவுக்குப் போனார், அப்படி ஒரு கதவு எண்ணே அங்கே இல்லை.

அந்தப் பில்லை வாங்கின அன்றே ஒழுங்காகப் பார்த்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. என் பில்லில் 27 என்று தொடங்கியது, அது மகாராஷ்டிரா. எண்ணிப் பார்த்தால் மொத்தமே 14 எழுத்துதான். ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டால் யாருடையது என்று இலவசமாகவே காட்டுகிறது. காய்கறிக்காரரிடம் கொசுறு கறிவேப்பிலைக்குப் பேசுகிற நான், 2,500 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பில்லை மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.

இன்னொன்றும் போனது என்றேனே, அதைக் கண்டுபிடித்ததும் அத்தைதான். எங்கள் மெஷின் துவைத்து முடித்ததும் ஒரு குட்டிப் பாட்டுப் பாடும். கதவு சரியான அன்று முதல் சுற்று முடிந்தது, வெறும் 'பீப்' என்று நின்றது. "ஏண்டி, பாட்டு எங்கே?" என்றார் அத்தை. கீலைச் சரிசெய்தவர் அப்போதுதான் டூல் பையை மூடிக்கொண்டிருந்தார். திரும்பவும் மேல்மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இருந்தது எங்கள் போர்டு இல்லை. ஒட்டியிருக்க வேண்டிய பார்கோடு ஸ்டிக்கரைக் காணோம், பழைய சால்டர் தடங்கள் தெரிந்தன. வேறொரு மெஷினிலிருந்து கழற்றிய, இதைவிட மலிவான மாடலின் போர்டாம். நல்ல நிலையில் இருந்த எங்கள் போர்டு இந்நேரம் யார் வீட்டு மெஷினிலோ பாடிக்கொண்டிருக்கும்.

"ஓடற வரைக்கும் ஓடட்டும்கா, இப்போ கை வைக்க வேணாம்" என்றார். ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த 'பீப்' சமையலறைக்குக் கேட்பதில்லை என்பதால், துணி முடிந்ததா என்று நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.