பஞ்சிடம் தோற்கும் பூட்டு: மில் இருட்டில் ஒரு கார்பன் டிரைபாட்

இந்தக் கார்பன் டிரைபாட்டின், அதாவது கேமராவை நிறுத்தும் முக்காலியின், விலை நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று உடுமலை நண்பர் கேட்டார். நான்கு அடுக்குக் கால், திருகிப் பூட்டும் வளையம், கார்பன் ஃபைபர் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். மூடிக் கிடக்கும் பஞ்சு மில்களுக்குள் படமெடுக்கும்போது அது எப்படி உழைக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. என்னிடம் இருப்பதும் அதேதான்; இந்த வாரம்தான் பட்டறையிலிருந்து திரும்பியது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு டிரைபாட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பட்டப்பகலிலும் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியின் மூலையில் லென்ஸ் திறப்பை எஃப் 8இலும் ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100இலும் வைத்தால், ஒரு படத்துக்கு 30 நொடி கேட்கும். ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினாலும் ஒரு நொடி வேண்டும். கையில் பிடித்து அதை எடுக்க முடியாது. அப்படியே எடுத்தாலும் காரை பெயர்ந்த சுவரும் எண்ணெய் குடித்த தரையும் மணல்மணலாகிவிடும். அந்தச் சுவருக்காகத்தானே உள்ளே போகிறோம்?

எங்கள் பக்கத்து மில்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதைச் சிக்கல் என்பதைவிடப் பாக்கியம் என்பேன். 1888இல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கி, 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றி ஆலைகள் பெருகின. அவற்றில் பலவற்றுக்கு ரம்பப் பல் போன்ற கூரை. கண்ணாடி வடக்கைப் பார்த்திருக்கும். நேர் வெயில் படாமல் சீரான வெளிச்சம் மட்டும் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கோவை இருப்பது 11 பாகை வடக்கில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் கண்ணாடி வழியே வெயில் ஒரு மெல்லிய கீற்றாகத் தரையில் விழும். கீற்றுக்கு ஓர் அளவு, இருட்டுக்கு ஓர் அளவு என்று ஒரே இடத்தில் நின்று பல படங்கள் எடுத்து ஒன்றாக்க வேண்டும். இடையில் கேமரா ஒரு நூல் நகர்ந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது.

இந்த டிரைபாட்டின் கால்கள் அதற்கென்றே பிறந்தவை. இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு விற்ற பிறகு அடித்தளத் திண்டுகளும் கால்வாய்களும் மட்டும் மிஞ்சியிருக்கும். ஒரு காலைத் திண்டின்மேல் ஊன்றி, மற்ற இரண்டையும் வேறு வேறு கோணத்தில் விரித்துத் தரையோடு தரையாக நிறுத்தலாம். மேல்தளத்து மரப்பலகையில் காவலாளி நடந்தால் வரும் அதிர்வும் சட்டென்று அடங்குகிறது. நாளெல்லாம் தோளில் கிடந்தாலும் வலிப்பதில்லை. இவ்வளவு நல்ல கால்களை வேறெதிலும் நான் பார்த்ததில்லை.

பூட்டுதான் கொல்கிறது. மூடிய மில்லில் பஞ்சு போய்விடுவதில்லை. பழைய எண்ணெயோடு குழைந்து தரையில் அடையாகக் கிடக்கிறது. அந்த இழை திருகு வளையத்துக்குள் புகுந்து மரையில் சுற்றிக்கொள்கிறது. பிறகு வளையம் பாதியிலேயே இறுகிவிடும். கை அதை நம்பிவிடும், கால் நம்பாது. நான்கு நிமிடம் திறந்து வைத்த படத்தில் கால் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். பிறகு கேமரா மூடியபடியே ஓர் இருட்டுப் படத்தை எடுத்து, நாய்ஸை, அதாவது படத்தில் விழும் புள்ளிகளை, கழிக்க மேலும் நான்கு நிமிடம். எட்டு நிமிடம் கழித்துத் திரையில் சன்னல் இரண்டாகத் தெரியும்போது வரும் கோபத்தை எப்படிச் சொல்வது! கீற்று அதற்குள் நகர்ந்து போயிருக்கும்.

ஒவ்வொரு முறையும் கழற்றி, சோப்பு நீரில் பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, மெல்லப் பூசினாற்போல் கிரீஸ் தடவி மாட்டினால் சரியாக வேலை செய்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், அது இன்னும் பஞ்சைக் கூப்பிடும். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் மீண்டும் திறக்காதவற்றுக்குப் போனால் அன்றிரவே கழுவியாக வேண்டும். சாயத்துக்குப் போட்ட உப்பு தரையில் இன்னும் இருக்கிறது. அலுமினிய வளையத்தை அரிக்கிறது.

இந்த முறை உடைந்தது வளையத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் சில்லு. அதைத் தனியாகத் தர முடியாது, முழுக் காலையும் மாற்றுங்கள் என்றது சர்வீஸ் மையம். கோவை கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். உடைந்ததை அளந்து, நைலான் தண்டிலிருந்து புதிதாகக் கடைந்து, இரண்டாகப் பிளந்து கொடுத்தார். மாட்டிப் பார்த்தால் மற்ற இரண்டு கால்களைவிட இதுவே கெட்டியாகப் பிடிக்கிறது. பம்ப்செட் ஊரில் இருப்பதன் அருமை அன்று புரிந்தது.

எனவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். விலை பாதியானாலும் வேண்டாம். அரைக் கிலோ கூடினாலும் நெம்பி மூடும் கிளிப் பூட்டுள்ள அலுமினியம் வாங்குங்கள். சரியாக மூடவில்லை என்றால் அந்தக் கிளிப் கண்ணுக்குத் தெரியும். நான் என்னுடையதை விற்கப் போவதில்லை. மற்ற இரண்டு கால்களுக்கும் நைலான் சில்லு கடையச் சொல்லியிருக்கிறேன்.