ஷாப்பிஃபை பிளஸா, அடோபி காமர்ஸா? பேட்ச் போடுவது யார் என்று முதலில் கேளுங்கள்

ஆன்லைன் கடை வளர்ந்து சாதாரண மென்பொருளுக்குள் அடங்காமல் போகும்போது பேச்சு மூன்று வழிகளில் வந்து நிற்கும். ஷாப்பிஃபை பிளஸ் மாதிரி வாடகைக்கு எடுப்பது ஒன்று. அடோபி காமர்ஸ், அதாவது பழைய மெஜென்டோ மாதிரி, புரோகிராம் கோட் முழுவதையும் கையில் வாங்கி நாமே நடத்துவது இன்னொன்று. காமர்ஸ்டூல்ஸ் போன்றவற்றை வைத்துக் கூடை, தேடல், பக்கங்கள் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிக் கோப்பது மூன்றாவது. எஸ்ஏபி, சேல்ஸ்ஃபோர்ஸ் இரண்டுக்கும் சொந்த காமர்ஸ் மென்பொருள் உண்டு. ஆனால் நிறுவனம் ஏற்கெனவே அவர்களுடைய மற்ற மென்பொருள்களில் ஊறியிருந்தால்தான் அந்தக் கேள்வியே எழும்.

பெரும்பாலான நிறுவனங்களுக்கு வாடகை முறைதான் சரி என்பது என் முடிவு. விலையோ வசதிப் பட்டியலோ இதற்குக் காரணம் அல்ல. பராமரிப்புதான், அதாவது ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் என்ற திருத்தங்களை விடாமல் போடுவதுதான், காரணம்.

இத்தகைய மென்பொருள்களுக்கு வைக்கும் எண்டர்பிரைஸ், அதாவது பெரிய நிறுவனத்துக்கானது, என்ற சொல்லை விற்பனைத் தொகையோடு முடிச்சுப் போடுவது தவறு. ஒரே கிடங்கு, ஒரே விலைப்பட்டியல், ஒரே நாணயம் என்று இருக்கிற கடை நாளுக்குப் பத்தாயிரம் ஆர்டர் எடுத்தாலும் எளிய கடைதான். இருநூறு ஆர்டர்தான் வருகிறது, ஆனால் ஐந்து கிடங்கு, ஆளுக்கு ஆள் மாறும் ஒப்பந்த விலை, பின்னால் ஒரு ஈஆர்பி (நிறுவனத்தின் ஸ்டாக், கொள்முதல், ஆர்டர்களை நடத்தும் மென்பொருள்), அதற்கும் பின்னால் தனிக் கணக்கு மென்பொருள் என்றால் அது சிக்கலான கடை. எத்தனை மென்பொருள்களோடு பேச வேண்டியிருக்கிறது என்பதுதான் அளவுகோல்.

ஆர்டர் பட்டனை அழுத்தியதும் நடப்பதைப் பார்த்தாலே இது புரியும். கூடையின் விலை மறுபடி கணக்கிடப்படுகிறது. கூப்பன், வரி, அனுப்பும் செலவு சேர்கின்றன. ஸ்டாக் அந்த ஆர்டருக்கென ஒதுக்கப்படுகிறது. பேமெண்ட் கேட்வே, அதாவது கார்டுப் பணத்தைக் கையாளும் சேவை, கார்டில் தொகையைப் பிடித்து வைக்கிறது, இன்னும் எடுக்கவில்லை. ஆர்டர் எண் உருவாகி, ஈஆர்பிக்கும் கிடங்குக்கும் தகவல் போகிறது. பல கடைகளில் பொருள் வெளியேறும்போதுதான் பணம் எடுக்கப்படும். பிடித்து வைத்த தொகை பல கார்டுகளில் சுமார் 7 நாளில் காலாவதியாகிவிடும் என்பதால், கிடங்கு 9ஆம் நாள் அனுப்பினால் பொருள் போய்விடும், பணம் வராது. ஈஆர்பி ஒரு மணி நேரம் படுத்துவிட்டால் ஆர்டர்கள் காத்திருக்கலாம், காணாமல் போகக்கூடாது. அதனால் எந்த பிளாட்ஃபார்மாக இருந்தாலும் அதற்கும் ஈஆர்பிக்கும் நடுவே ஒரு கியூ, அதாவது தகவல்கள் வரிசையில் காத்திருக்கும் இடம், வைத்தே ஆக வேண்டும். நேரே இணைத்துவிட்டுப் பிறகு அவதிப்படுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

அடோபி காமர்ஸின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2008இல் மெஜென்டோவாக வந்தது, 2015இல் இரண்டாம் பதிப்பு, 2018இல் அடோபி வாங்கியது. பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதிய முழுக் கோடும் நம் கையில் இருக்கும். விலை எப்படிக் கணக்கிட வேண்டும், எந்தக் கிடங்கிலிருந்து எடுக்க வேண்டும், யார் ஒப்புதல் தந்தால் ஆர்டர் நகர வேண்டும் என எதையும் மாற்றலாம்.

அந்தச் சுதந்திரத்துக்குள் உள்வேலை தெரியாமல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதன் ஸ்டாக் கணக்கே உதாரணம். ஆர்டர் வந்ததும் அது கிடங்கு எண்ணிக்கையைத் தொடாது. தனி டேபிளில் மைனஸ் 1 என்று ஒரு வரி எழுதும். மெஜென்டோவிலேயே ஷிப்மெண்ட் பதிவானதும் கிடங்கில் 1 குறைத்து, அந்த டேபிளில் பிளஸ் 1 எழுதிச் சமன் செய்யும். இரண்டுக்கும் நடுவே விற்கக்கூடிய ஸ்டாக் என்பது கிடங்கு எண்ணிக்கையும் இந்த வரிகளும் சேர்ந்த கூட்டுத்தொகை. இப்போது ஈஆர்பி பொருளை அனுப்பிவிட்டு, ஷிப்மெண்ட் பதியாமல் புதிய கிடங்கு எண்ணிக்கையை மட்டும் தள்ளுகிறது என்று வையுங்கள். மைனஸ் வரி அப்படியே கிடக்கும், ஒரே பொருள் இரண்டு முறை கழியும். சில வாரங்களில் கிடங்கில் 40 பெட்டி இருக்கும்போதே தளம் ஸ்டாக் இல்லை என்று சொல்லும். முரண்பட்ட வரிகளைப் பட்டியலிடவும் சரிசெய்யவும் கட்டளைகள் கூடவே வருகின்றன. ஆனால் ஷிப்மெண்ட்டை ஒழுங்காகப் பதிவு செய்யும்வரை அதே கோளாறு திரும்பத் திரும்ப வரும்.

இதையெல்லாம் நல்ல டெவலப்பர் ஒருவர் ஒருமுறை சரிசெய்துவிடலாம். ஒருமுறையோடு முடியாதது பேட்ச். ஒரு பாதுகாப்புப் பேட்ச் போடும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கம்போசர் என்ற இறக்கும் கருவி வழியாகப் புதிய பதிப்பை இறக்க வேண்டும். டேட்டாபேஸ் அமைப்பைப் புதுப்பிக்க வேண்டும். கோட் முழுவதையும் கம்பைல் செய்து (ஓடத் தயாரான வடிவத்துக்கு மாற்றி), ஒவ்வொரு தீமுக்கும் ஒவ்வொரு மொழிக்கும் ஸ்டாட்டிக் ஃபைல்களை உருவாக்கி, கேஷைக் காலி செய்ய வேண்டும். இதெல்லாம் சுலபமான பாதி. வெளியிலிருந்து வாங்கிய எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) முப்பது இருந்தால் முப்பதும் புதிய பதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கோர் கிளாஸ் (அடோபியின் மூலக் கோடின் ஒரு பகுதி) ஒன்றின் கன்ஸ்ட்ரக்டரை, அதாவது அதைத் தொடங்கிவைக்கும் பகுதியை, அடோபி மாற்றியிருந்தால், அதை நீட்டித்து எழுதிய எக்ஸ்டென்ஷனில் கம்பைல் நின்றுவிடும். அது கண்ணில் படும் கோளாறு, பரவாயில்லை. இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் ஒரே கோர் கிளாஸுக்குப் பதிலாகத் தங்களுடையதை வைத்துக்கொண்டால் ஒன்றுதான் ஜெயிக்கும். எந்த எர்ரரும் வராது. கூப்பன் தள்ளுபடி மட்டும் தப்பாக விழும், அது வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியவரும்.

இதற்குக் கீழே இன்னொரு அடுக்கு ஓடுகிறது. 2.4.7 பதிப்பு பிஎச்பி 8.3ஐயும் 2.4.8 பதிப்பு 8.4ஐயும் கொண்டுவந்தன. பழைய பிஎச்பிக்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டால் நகராமல் இருக்க வழியில்லை. டேட்டாபேஸ், தேடல், கேஷ், கியூ வேலைகளுக்காகக் கூடவே ஓடும் மரியாடிபி, ஓபன்சர்ச், ரெடிஸ், ராபிட்எம்க்யூ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அடோபியின் கிளவுட் ஹோஸ்டிங் எடுத்தால் சர்வர் கவலை குறையும், பேட்ச் போடுவதும் சோதிப்பதும் நம் வேலையாகவே இருக்கும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூனில் வெளியான காஸ்மிக்ஸ்டிங் ஓட்டையைப் பாருங்கள். அபாய அளவு பத்துக்கு 9.8. லாகின் எதுவும் இல்லாமலே சர்வரிலிருந்து ஃபைல்களைப் படிக்க முடிந்தது. என்கிரிப்ஷன் சாவி இருக்கும் கான்ஃபிக் ஃபைலும் அதில் அடக்கம். சாவி கிடைத்தவர் அதை வைத்து அட்மின் அனுமதிக்கான டோக்கனைத் தானே தயாரித்துக்கொள்ளலாம். பேட்ச் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த கடைகளும் சிக்கின, ஏனென்றால் சாவி அதற்கு முன்பே திருடு போயிருந்தது, அதை யாரும் மாற்றவில்லை. இந்த இரண்டாவது வேலையை யாராவது நினைவில் வைத்துச் செய்திருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அந்த நபர் யார் என்று பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அடோபி காமர்ஸ் வேண்டாம். ஆரம்பத்தில் கட்டிக்கொடுத்த ஏஜென்சி இரண்டாண்டு கழித்தும் அதே ஆட்களோடு இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

ஷாப்பிஃபை பிளஸில் இந்தப் பாரம் முழுக்க அவர்கள் தோளில். சர்வர், டேட்டாபேஸ், செக்அவுட்டின் (பணம் செலுத்தி முடிக்கும் பக்கங்களின்) பாதுகாப்பு எதையும் நாம் அப்டேட் செய்ய வேண்டியதில்லை. பணம் செலுத்தும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் கணக்கில் வைத்து, மாற்றம் வந்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்ற பிசிஐ டிஎஸ்எஸ் (கார்டுப் பணப் பாதுகாப்புத் தரம்) விதி 2025 மார்ச் 31 முதல் கட்டாயமானது. நாமே செக்அவுட்டை நடத்தினால் அது தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை, இங்கே பெரும்பகுதி பிளாட்ஃபார்மோடு போய்விடுகிறது.

அதற்காகப் பராமரிப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்ற மென்பொருள்கள் ஷாப்பிஃபையோடு பேசும் வழியான ஏபிஐக்கு மூன்று மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும், ஒவ்வொன்றும் குறைந்தது 12 மாதம் ஓடும், அதற்குள் நம் இணைப்புகளை நகர்த்த வேண்டும். செக்அவுட்டின் டெம்ப்ளேட்டை நேரடியாகத் திருத்தும் பழைய வழியை முகவரி, ஷிப்பிங், பேமெண்ட் பக்கங்களுக்கு 2024 ஆகஸ்ட் 13இல் நிறுத்தினார்கள். தள்ளுபடி, ஷிப்பிங் விதிகளை எழுதும் பழைய வழியான ரூபி ஸ்கிரிப்ட்களுக்கு 2026 ஜூன் 30 கடைசி நாள் என்று அறிவித்தார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் தேதி முன்கூட்டியே தெரியும், வேலையின் அளவும் தெரியும். நள்ளிரவில் வந்து நிற்கும் ஓட்டையோடு இதை ஒப்பிடவே முடியாது.

இழப்பது என்ன என்பதும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பொருளுக்கு 3 தேர்வுகள்தான், அவற்றின் கலவைகள் 2048 வரை. ஒரு மேஜைக்கு நிறம், அளவு, மரம் மூன்றையும் வைத்தபின் கால் வடிவம் என்று நான்காவது வந்தால் சுற்றுவழிதான் தேட வேண்டும். தள்ளுபடி, ஷிப்பிங் விதிகளை ஃபங்ஷன்ஸ் என்ற சிறு புரோகிராம்களாக எழுதலாம். கம்பைல் ஆன ஃபைல் 256 கேபிக்குள் அடங்க வேண்டும், பொதுவாக அது வெளி சர்வரைக் கேட்க முடியாது. அதாவது ஒப்பந்த விலையை அந்த நொடியில் ஈஆர்பியிடம் கேட்டு வாங்கும் வழக்கம் இங்கே நடக்காது. விலையை முன்பே ஷாப்பிஃபைக்குள் ஏற்றி வைக்க வேண்டும். விலை மணிக்கு மணி மாறாத வணிகத்துக்கு இது பிரச்சினையே இல்லை, மாறும் வணிகத்துக்கு இதுவே கதவை மூடிவிடும்.

இணைப்பு வேலையில் அதிகம் சறுக்குவது வெப்ஹூக்கில், அதாவது ஏதாவது நடந்ததும் ஷாப்பிஃபை தானாக நமக்கு அனுப்பும் தகவலில். ஷாப்பிஃபை அனுப்பும் ஆர்டர் தகவல் இரண்டு முறை வரலாம், வராமலும் போகலாம். 5 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும். தகவல் வந்ததுமே ஈஆர்பியில் ஆர்டரைப் பதிந்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று எழுதினால், ஈஆர்பி மெதுவாகும் நாளில் அதே ஆர்டர் திரும்ப வந்து இரண்டாகப் பதியும். வந்ததைக் கியூவில் போட்டு உடனே 200 (கிடைத்தது) என்று பதில் சொல்லுங்கள், ஐடியை வைத்து இரட்டையைத் தள்ளுங்கள், இரவில் ஒருமுறை முழு ஆர்டர் பட்டியலையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். மூன்றில் கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் அடோபி காமர்ஸ் யாருக்கு? நிறுவனங்களுக்கு விற்பவர்கள், பேரம் பேசி விலை முடிப்பவர்கள், அளவு கொடுத்துச் செய்துவாங்கும் பொருள் விற்பவர்கள், தரவு தங்கள் சர்வரை விட்டு வெளியேறக்கூடாதவர்கள். கூடவே, மெஜென்டோ தெரிந்த மூன்று பேராவது சம்பளத்தில் இருக்க வேண்டும். அவர்கள் இருந்தால் மேலே சொன்ன குறைகள் வழக்கமான வேலையாகிவிடும். 2025இல் அடோபியே வாடகை முறையில் ஒரு வடிவத்தை வெளியிட்டது. அது புதிது என்பதால் அதை நம்பி இப்போதே முடிவெடுக்கச் சொல்ல மாட்டேன்.

கோத்துக்கொள்ளும் வகையைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். நல்ல குழு இருந்தால் என் சாய்வு அங்கே மாறக்கூடும். இரண்டு விஷயம் மட்டும். காமர்ஸ்டூல்ஸில் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. பழைய எண்ணோடு மாற்றம் அனுப்பினால் 409 (மாற்றங்கள் மோதுகின்றன) என்ற எர்ரர் வரும், மறுபடி படித்து அனுப்பும் வேலை நம்முடையது. இப்படிப்பட்ட ஒட்டுவேலை எல்லாமே நம் கோடில் சேரும். அடுத்தது, செக்அவுட் நின்றால் எந்த நிறுவனத்தைக் கூப்பிடுவது என்று கண்டுபிடிக்கவே நேரம் போகும்.

எதற்கு மாறினாலும் மாறும் வாரத்தில் கடிக்கும் இரண்டு பல் உண்டு. ஷாப்பிஃபைக்குள் வாடிக்கையாளர்களின் பழைய பாஸ்வேர்டைக் கொண்டுபோக முடியாது. புது லாகின் பற்றிய மெயிலைத் திறப்பு நாளுக்கு முன்பே திட்டமிட வேண்டும். பொருள் பக்கங்களின் முகவரி அமைப்பும் அங்கே அவர்கள் வைத்ததுதான், நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் எழுதி, தேடலிலிருந்து அதிகம் பேர் வரும் முதல் ஐந்நூறு பக்கங்களையாவது கையால் திறந்து பார்த்த பிறகே தளத்தின் பெயரை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள்.