பேரிங்கை அழுத்துவதா, சூட்டில் இறக்குவதா, பசையால் பிடிக்க வைப்பதா?

போட்டிக்கான ரோபோவின் சக்கரத் தொகுதியைச் சேர்க்கும்போது, அலுமினியத் தகட்டில் குடைந்த துளைக்குள் பேரிங்கை (இரு வளையங்களுக்கு இடையே குண்டுகள் உருளும் பாகத்தை) இறக்க நான்கு வழிகள் உண்டு: சுத்தியலால் தட்டுவது, வைஸிலோ (இரு தாடைகளால் இறுக்கும் பிடிகருவி) ஆர்பர் பிரஸ்ஸிலோ (நெம்புகோலால் நேராக அழுத்தும் கருவி) வைத்து அழுத்துவது, தகட்டைச் சூடாக்குவது அல்லது பேரிங்கைக் குளிர்விப்பது, துளையைச் சற்றே தளர்வாக விட்டுப் பசையால் பிடிக்க வைப்பது. எந்தக் கருவி கைவசம் இருக்கிறது என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பதே வழக்கமாக உள்ளது. துளையை அளந்த பிறகு தேர்ந்தெடுப்பதே முறை.

28 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட 6902 பேரிங்கை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிவிட்டம் 28.000 மி.மீ.க்கும் 27.991 மி.மீ.க்கும் இடையில் அமையும். துளை எச்7 அளவில் (எச்7, என்7 என்பவை துளையளவின் வரம்பைக் குறிக்கும் தரநிலைப் பெயர்கள்) குடையப்பட்டால் 28.000 முதல் 28.021 வரை இருக்கும். விரலால் தள்ளினாலே பேரிங் இறங்கிவிடும். என்7 அளவென்றால் 27.972 முதல் 27.993 வரை, இறுக்கம், அதாவது பேரிங்கைவிடத் துளை சிறிதாக இருக்கும் அளவு, 28 மைக்ரான் (0.028 மி.மீ.) வரை போகலாம்.

சுத்தியலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு நேரத்தில் தட்டினால் கீழ்வீட்டாரும் வருவார்கள், பேரிங்கும் சாய்ந்து துளையின் விளிம்பைச் சுரண்டும்.

வைஸும் ஆர்பர் பிரஸ்ஸும்தான் உண்மையான போட்டியாளர்கள். இரண்டிலும் விதி ஒன்றே: துளையில் இறுகுவது வெளிவளையம் என்பதால் விசையும் வெளிவளையத்தின் மீதே விழ வேண்டும். உள்வளையத்தை அழுத்தினால் முழு விசையும் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். பார்வைக்கு எதுவும் தெரியாது, சுற்றிப் பார்த்தால் மட்டும் கரகரப்பு கையில் படும். வைஸின் நகரும் தாடை சுமை ஏறும்போது லேசாகத் தூக்கிக்கொள்வதால் பேரிங் கோணலாக நுழையக்கூடும். பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டறையில் ஆர்பர் பிரஸ் இருக்குமானால் அதையே நாடுவேன்; இல்லையென்றால் மென்தாடை பொருத்திய வைஸும், வெளிவளையத்தைவிடச் சற்றே சிறிய சாக்கெட்டும் போதும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தைக் கொஞ்சம் தேய்த்து எடுத்தால் அதைவிடப் பொருத்தமான அழுத்துவளையம் வேறில்லை.

இறுக்கம் மிகுந்த துளைக்கு வெப்பமே மேல். தகட்டை 30 பாகையிலிருந்து 80 பாகை செல்சியசுக்கு ஏற்றினால் 28 மி.மீ. துளை ஏறத்தாழ 32 மைக்ரான் விரியும். என்7 துளையின் உச்ச இறுக்கத்தையும் அது கடந்துவிடுகிறது. ஆனால் பேரிங்கை ஒரே மூச்சில் நேராக இறக்க வேண்டும், பாதியில் நின்றால் அதுவும் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். (அம்மா கேக் சுடும் ஓவனில் தகட்டை வைப்பதற்கு முன் வெட்டெண்ணெயைக் கழுவிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.) இதற்கு மாறாக, பேரிங்கை உறைபெட்டியில் −18 பாகைக்குக் குளிர்வித்தால் சுமார் 16 மைக்ரான் மட்டுமே சுருங்கும். அத்துடன், சிங்கப்பூரின் ஈரக்காற்றில் வெளியே எடுத்த நொடியே அதன் மேல் நீர்த்துளிகள் படிந்து, துருவுக்கு வழி திறக்கும். குளிர்நாட்டுக் குழுக்கள் பரிந்துரைக்கும் இந்த வழியை இங்கே நான் கைவிடச் சொல்வேன். பிஎல்ஏ என்ற நெகிழி இழையில் முப்பரிமாண அச்சிட்ட தாங்கியை (பேரிங் உட்காரும் பாகத்தை) சூடாக்கவே கூடாது; 60 பாகைக்கு அருகிலேயே அது இளகிவிடும்.

எச்7 துளைக்கும், குடையும்போது பெரிதாகிப்போன துளைக்கும் லாக்டைட் என்ற வணிகப்பெயரில் கிடைக்கும் வகைப் பசை பொருந்தும். காற்று புகாத உலோக இடுக்கில்தான் அது இறுகும். நெகிழித் தாங்கியில் சரியாக இறுகாது, பாலிகார்பனேட்டில் விரிசலையும் உண்டாக்கலாம். துளையின் உட்சுவரில் மெல்லிய வளையமாகத் தடவினால் பசை பேரிங்கின் உள்ளே கசியாது. போட்டிக் காலத்தில் தொகுதியைப் பிரித்துச் சேர்க்க நேரும் என்பதால், கழற்றக்கூடிய லாக்டைட் 641ஐ வாங்குவதே விவேகம். லாக்டைட் 638ஐக் கழற்ற ஏறத்தாழ 250 பாகை வெப்பம் தேவைப்படும், அந்தச் சூட்டில் பேரிங்கின் கிரீஸும் அடைப்பும் மிஞ்சாது.