வலது ஃபாக் லைட் எரியவில்லை, எஸ்டிமேட் 8,496 ரூபாய்: கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்

ஆறு வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். வலது பக்க ஃபாக் லைட் மட்டும் எரியவில்லை. சர்வீஸ் சென்டர் நீட்டிய எஸ்டிமேட் இது: ஃபாக் லாம்ப் அசெம்பிளி (முழு விளக்கு) இரண்டு, தலா 1,650 வீதம் 3,300. ஃபாக் வயரிங் 1,480. பம்பர் கழற்றி மாட்டக் கூலி 1,200. ஸ்கேனிங் 650. ஹெட்லைட் ஃபோகஸிங் 350. கிளிப், சில்லறைச் சாமான் 220. ஆக 7,200, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,296. மொத்தம் 8,496.

உரிமையாளர் கையெழுத்துப் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனார். பல்பில் ஒரு குறையும் இல்லை. கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கிப் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. களிம்பு ஏறினால் அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடாகும். அந்தச் சூட்டில் கனெக்டர் பிளாஸ்டிக்கும் உருகிவிட்டது. துண்டு வயரோடு வரும் புதுக் கனெக்டர் 150, கூலி 300. அரை மணி நேரத்தில் விளக்கு எரிந்தது.

முன் ஃபாக் லைட் நம் நாட்டில் கட்டாய விளக்கு அல்ல. ஆகவே "இப்போதே மாற்றியாக வேண்டும்" என்று அவசரப்படுத்தினால் முதலில் வண்டியை வெளியே எடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்பதே பாதி விடை. பெரும்பாலான ஹாலஜன் வண்டிகளில் இரண்டு ஃபாக் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ், ஒரே ரிலே (சுவிட்ச் போட்டதும் விளக்குக்குக் கரண்டைத் திறந்துவிடும் சிறு பெட்டி), ஒரே சுவிட்ச். இடது எரிகிறது என்றால் இந்த மூன்றும் நன்றாக இருக்கின்றன. மிச்சம் இருப்பது வலது பக்கத்துப் பல்ப், கனெக்டர், எர்த், அங்கே போகும் வயர், அவ்வளவுதான். முதல் வேலையாக இடது பல்பை வலதிலும் வலது பல்பை இடதிலும் மாட்டிப் பாருங்கள். கோளாறு பல்போடு இடம் மாறினால் பல்ப் போயிருக்கிறது. அதே இடத்தில் நின்றால் கனெக்டரும் எர்த்தும். கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறிப் பல்ப் சீக்கிரம் போகும்.

கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து "12 வோல்ட் வருது சார், அசெம்பிளிதான் போச்சு" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒரே ஒரு இழையில் தொங்கும் அரித்த வயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட் இழுப்பதில்லை. லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். வயரோ எர்த்தோ கெட்டிருந்தால், பல்ப் வைத்த டெஸ்ட் லாம்ப்பைக் கனெக்டரின் இரண்டு பின்னிலும் கொடுக்கும்போது மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. எர்த் பக்கத்து முனையை எடுத்துப் பாடியில் வைத்ததும் பளிச்சென்று எரிந்தால் கோளாறு எர்த்தில். எர்த் போல்ட்டைக் கழற்றி எமரித் தாளால் தேய்த்து இறுக்கினால் சரி. இதற்கு ஸ்கேனர் எதற்கு? விளக்குகளைப் பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற வண்டிக் கணினி நேரடியாக இயக்கும் வண்டிகளில் ஸ்கேனிங்குக்கு அர்த்தம் உண்டு. சாதாரண ரிலே வண்டியில் அந்த 650 ரூபாய் வீண்.

இரண்டுமே எரியவில்லை என்றால் முதலில் பார்க்கிங் லைட்டைப் போட்டீர்களா என்று பாருங்கள். பல வண்டிகளில் அது எரியாமல் ஃபாக் லைட் வராது. இதற்கே எஸ்டிமேட் வாங்கியவர்கள் உண்டு. பிறகு ஃபியூஸ்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. அடுத்து, அதே மாதிரி இருக்கும் ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மாற்றிய ஃபியூஸ் மறுபடி போனால் எங்கோ ஷார்ட். அங்கே சிவப்பை எடுத்துவிட்டு மஞ்சளைச் செருகுகிறவர் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள், அடுத்து எரிவது வயர்.

பம்பர் கூலிக்கு வருவோம். நிறைய வண்டிகளில் பல்ப் மாற்றப் பம்பரைத் தொடவே வேண்டாம். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பி, சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் கறுப்பு லைனரில் சில ஸ்க்ரூ, கிளிப் எடுத்து மடக்கினால் உள்ளே கை போகும். உங்கள் வண்டிக்கு வழி எது என்று ஓனர் மேனுவலில் பல்ப் மாற்றும் பக்கத்தில் படம் இருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டிக் கூலியைக் கேளுங்கள். பம்பர் கழற்றியே தீர வேண்டிய வண்டிகளும் இருக்கின்றன, அங்கே கூலி நியாயம். ஹெட்லைட் ஃபோகஸிங்குக்கும் ஃபாக் லைட்டுக்கும் சம்பந்தமில்லை. பல வண்டிகளில் ஃபாக் லைட்டுக்குத் தனி அட்ஜஸ்ட் ஸ்க்ரூ உண்டு.

பலரும் கவனிக்காதது எம்ஆர்பி. மேலே சொன்ன 1,650 என்பது டப்பாவில் அச்சடித்த விலை. எல்லா வரியும் அதற்குள் அடக்கம். அப்படியென்றால் பில்லில் வரிக்கு முந்தைய விலை 1,398 ரூபாய்ச் சொச்சத்தைத் தாண்டக் கூடாது. இவர்கள் 1,650-ஐ அடிப்படை விலையாகப் போட்டு அதன் மேல் மறுபடி 18 சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள். தலா 297, இரண்டுக்கு 594 ரூபாய். டப்பாவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், இன்னும் 28 போட்டிருந்தால் அதையும் கேளுங்கள்.

பல்ப் மாற்றும்போது இன்னொரு வம்பு. ஹெச்8 35 வாட், ஹெச்11 55 வாட், ஹெச்16 19 வாட். மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அடியில் காது மட்டும் மாறும். "பவர் அதிகம் சார்" என்று காதை ராவி 55 வாட்டை 19 வாட் கூட்டில் திணித்தால் ஜோடிக்கு 3 ஆம்பியர் போன வயரில் 9 ஆம்பியர் போகும். லென்ஸ் உருகும், கனெக்டர் கருகும். பிறகு அசெம்பிளி உண்மையாகவே மாற்ற வேண்டி வரும்.

"இன்சூரன்ஸில் போட்டுவிடலாம்" என்றும் சொல்வார்கள். மின்கோளாறுக்கும் தேய்மானத்துக்கும் பாலிசியில் இடமில்லை. கல் அடித்து உடைந்திருந்தால் கிளைம் உண்டு. ஆனால் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி) இல்லையென்றால் பிளாஸ்டிக்குக்குப் பாதிதான், அதாவது 825. 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) 1,000, அது இந்தப் பாதியையும் விழுங்கிக் கூலியிலும் கை வைக்கும். ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளைம் போனஸும் (பிரீமியத் தள்ளுபடி) போகும். சொந்தச் சேதப் பிரீமியம் 6,000 என்றால் அடுத்த ரினியூவலில் 3,000 கூடுதல். பம்பரையும் சேர்த்து உடைந்ததாக எழுதிவிடலாம் என்றால், அந்தப் பொய்க் கிளைம் போவது உங்கள் கையெழுத்தில்.

லென்ஸுக்குள் லேசாகப் பனி படிந்து, கொஞ்ச நேரம் எரிந்ததும் மறைந்தால் அது கோளாறே அல்ல. தண்ணீர் தேங்கி நின்றால்தான் மாற்ற வேண்டும். எல்ஈடி உள்ளேயே பதித்த யூனிட்டில் பல்ப் தனியாகக் கிடையாது. அங்கே முழு விளக்கும் மாற்றச் சொல்வது ஏமாற்று அல்ல, ஒன்று போனால் ஒன்று மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

ஜாப் கார்டில் "செக் செய்து சொல்லவும்" என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள், "ரீப்ளேஸ்" என்ற சொல் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். எம்ஆர்பிக்கு மேல் வாங்கியிருந்தால் டப்பாவையும் பில்லையும் படம் எடுத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவிலும் கொடுக்கலாம். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் பழைய அசெம்பிளியைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள பல்பை இரண்டு வயரில் 12 வோல்ட் பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால், பில்லோடு சேர்த்து அதையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.