"வாஸ்துக்கு ஒம்போது மீன்"னு சொன்னா வாங்கிராதீங்க

மீன் தொட்டி வாங்கப்போற மதுரைக்காரங்க இதைப் படிச்சிட்டுப் போங்க. கடை பேரு போடல, ஆனா அத்தனையும் எனக்கு நடந்தது.

பையன் முழுப்பரீட்சை முடிஞ்ச கையோட மீனு மீனுன்னு கேட்டுக்கிட்டே இருந்தான், சரின்னு இந்த ஏப்ரல்ல டவுனுக்குள்ள ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டடிக்கு ஓரடி தொட்டி, ஃபில்டர், கலர் கல்லு எல்லாம் எடுத்தாச்சு. எத்தனை மீன் விடலாம்ணேன்னு கேட்டேன். "வாஸ்துக்கு ஒம்போது சார், எட்டு ஆரஞ்சு கோல்டு ஃபிஷ், ஒரு கறுப்பு, அழுக்கு திங்க ஒரு சக்கர் மீன்"னு சொல்லிக்கிட்டே வலையைக் கையில எடுத்துட்டாரு. தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும்னு ஒரு வார்த்தை இல்ல. அன்னைக்கே பத்து மீனும் கவர்ல கட்டி வீட்டுக்கு வந்துருச்சு.

நாலாம் நாள் தண்ணி கழனித்தண்ணி மாதிரி வெளுத்துருச்சு. போன் போட்டா "முழுத் தண்ணியையும் மாத்துங்க, ஃபில்டரைக் குழாயில நல்லா கசக்கிக் கழுவுங்க"ன்னாரு, செஞ்சேன். ஆறாம் நாள் விடியக்காலைல பையன் எழுப்புறான், "அப்பா எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுப்பா"ன்னு. லைட்டப் போட்டுப் பாத்தா கறுப்பு மீனு ஃபில்டர் வாயில ஒட்டிக் கெடக்கு, மத்ததுக்கெல்லாம் செவுளு பச்சைப்புண்ணு மாதிரி செவந்து துடிக்குது. கடைக்கு ஓடுனா, "கறுப்பு போனா நல்லது சார், வீட்டுத் திருஷ்டிய அது வாங்கிட்டுப் போயிருச்சு, இன்னொன்னு விடுங்க"ன்னு சொல்லி இன்னொரு மீனையும் ஒரு நீல மருந்தையும் தலையில கட்டிட்டாரு. பத்து நாளைக்குள்ள சக்கர் மீனைத் தவிர ஒன்னும் மிஞ்சல, அது மேல வந்து காத்தை முழுங்கியும் தாக்குப்பிடிக்குற சாதி. பையன் ஒவ்வொன்னா முருங்க மரத்தடியில பொதைச்சான். கடைசி மூணுக்கு அழக்கூட இல்ல, அதான் எனக்குத் தாங்கல.

கொன்னது அம்மோனியா. மீன் கழிவுலயும் மிஞ்சுன தீனியிலயும் அது வரும், அதை மாத்திவிடுற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சுல பெருக 4 லேர்ந்து 6 வாரம் பிடிக்கும். நாங்க ஒரு நாள்கூட விடல, ஒட்டுன கொஞ்சத்தையும் குளோரின் கலந்த குழாத் தண்ணில கசக்கி ஒழிச்சாச்சு. இதுல நம்ம ஊரு ஏப்ரல் வெயிலு வேற, தண்ணி சூடானா ஆக்சிஜனும் கொறையும்.

கணக்கு இதுதான்: 60க்கு 30 தொட்டி, தண்ணி 25 செ.மீ. நிக்கும், பெருக்கி 1000த்தால வகுத்தா 45 லிட்டர், கல்லு போக 40 தேறும். கோல்டு வளந்தா ஆறு எட்டு இன்ச் வரும், கழிவும் அதிகம், ஒன்னுக்கே இந்தத் தொட்டி பத்தாது. சக்கர் ஓரடியத் தாண்டும். கப்பி மாதிரி சின்ன மீனுக்கு மட்டும் மீனோட நீளத்துல இன்ச்சுக்கு 4 லிட்டர்னு வச்சுக்கலாம், அதுவும் வளந்த அளவுக்கு, கடையில இருக்குற குட்டி அளவுக்கு இல்ல.

மிஞ்சுன சக்கர் மீனை பெரிய தொட்டி வச்சிருக்குற தெரிஞ்சவருக்குக் குடுத்துட்டேன். தயவுசெஞ்சு அதை வைகையிலயோ கம்மாயிலயோ விட்ராதீங்க, நம்ம ஊரு மீனோட எடத்தைப் பிடிச்சிரும்.

இப்ப மீனில்லாத தொட்டியில ஃபில்டர் ஓடுது, பாக்டீரியா வளரட்டும்னு தினம் ஒரு சிட்டிகை தீனி போடுறேன். இது மூணாவது வாரம். முடிஞ்சதும் ஆண் கப்பி ஆறு, அவ்வளவுதான்.