உயரத் தொட்டியா, நீளத் தொட்டியா? சிக்லிட் வளர்க்கப் பாவித்த தொட்டி வாங்குமுன்

மட்டக்களப்பில் பாவித்த மீன் தொட்டிகள் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று 3 அடி நீளம், 1 அடி அகலம், 2 அடி உயரம். மற்றது 4 அடி நீளம், அதே 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஹோலில் வைத்தால் முதலாவதுதான் கண்ணுக்கு எடுப்பாக இருக்கும். விற்பவரும் "இது பெரிய தொட்டி தம்பி" என்று அதைத்தான் காட்டுவார். ஆனால் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஏறத்தாழ 170 லீற்றர்தான்.

தண்ணீர் ஒரே அளவு என்றாலும் மீனுக்கு இரண்டும் ஒன்றல்ல. சிக்லிட் என்பது ஏஞ்சல், ஒஸ்கார், திலாப்பியா எல்லாம் சேர்ந்த மீன் குடும்பம். இவை பெரும்பாலும் அடித்தரையைப் பங்கு பிரித்து, எல்லை போட்டுச் சண்டை பிடிக்கிற சாதி. மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது அவற்றுக்குப் பெரிய விஷயமில்லை. நீளத் தொட்டியின் தரை, உயரத் தொட்டியினதை விட மூன்றில் ஒரு பங்கு கூட. தண்ணீரின் மேற்பரப்பும் அதே கணக்கில் கூடும். காற்றிலுள்ள ஒட்சிசன் கரைவது மேற்பரப்பு வழியாகத்தான். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். சித்திரை, வைகாசி வெயிலில் கரண்டும் போய் மோட்டரும் நின்றால், அந்த மூன்றில் ஒரு பங்கின் அருமை தெரியும்.

கண்ணாடியிலும் நீளத் தொட்டிக்கே வாய்ப்பு. அடியில் விழும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் உயரம். 2 அடித் தொட்டியின் அடி விளிம்பு ஒன்றரை அடித் தொட்டியினதை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தாங்க வேண்டும், அதுவும் பழைய சிலிக்கோனோடு. 2 அடி உயரத்துக்கு 6 மில்லிமீற்றர் கண்ணாடி என்றால் நான் பேரம் பேசாமலே வந்துவிடுவேன்.

எதைப் பார்க்கப் போனாலும் மூலைகளை வெளிச்சத்தில் பாருங்கள். சிலிக்கோனுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பச்சையாகப் பாசி ஏறியிருந்தால் ஒட்டு விடத் தொடங்கிவிட்டது. வெளிப்பக்க மூலையில் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு இறங்கியிருந்தால், எப்போதோ மெல்லக் கசிந்து காய்ந்த தடம் அது. பெருவிரல் நகத்தால் சிலிக்கோனின் ஓரத்தை நெம்பினால் உரிந்து வரக்கூடாது. உரிந்தால் முழுவதையும் வெட்டி எடுத்துத்தான் புதிது பூச வேண்டும், பழைய சிலிக்கோனில் புதியது சரியாகப் பிடிக்காது. ஹார்ட்வெயார் கடையில் குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சணத் தடுப்பு சிலிக்கோன் மீனுக்கு நஞ்சு, அது வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சமதரையில் பழைய பேப்பர் விரித்து, நிறையத் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் படிவுக்கு வினாகிரி போதும், சவர்க்காரம் படவே கூடாது.

ஸ்டாண்டைச் சும்மா தந்தாலும் யோசியுங்கள். தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டும். கடலோரம் இருக்கும் கல்லடிப் பக்கத்து உப்புக்காற்றில் நின்ற இரும்பு, பெயின்றுக்குள்ளே எப்படி இருக்கிறது என்று தட்டித்தான் பார்க்க வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு ரிஜிபோம் தகடு போட்டால் மேடு பள்ளம் சமமாகும்.

சரி, இனி மீன். இங்கே தண்ணீரும் வாய் திறக்கும். உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்த் தண்ணீர், வழக்கமாகக் கரையோரக் கிணற்றுத் தண்ணீரை விட மென்மையானது, ஆனால் குளோரின் இருக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது மீன் கடையில் குளோரினை முறிக்கும் ஹைப்போ வாங்கிப் போடுங்கள். கிணறு என்றால் வளவுக்கு வளவு வேறு. கேத்தலில் வெள்ளை படிகிறதா, சவர்க்காரம் நுரைக்க அடம் பிடிக்கிறதா? அப்படியானால் அது சுண்ணாம்புச் சத்துக் கூடிய வன்னீர்.

வன்னீர் உள்ளவர்களுக்கு மலாவி மீன் அதிர்ஷ்டம். ஆபிரிக்காவின் மலாவி ஏரியில் பிஎச், அதாவது அமில கார அளவு, 7.7 முதல் 8.6 வரை இருக்கும். மற்ற ஊர்க்காரர் மருந்து போட்டு உண்டாக்கும் தண்ணீர் உங்கள் கிணற்றிலேயே கிடக்கிறது. ஹீற்றரும் தேவையில்லை. 4 அடித் தொட்டியில் மஞ்சள் லாபிடோகுரோமிஸ் மட்டும் பத்துப் பன்னிரண்டு விடலாம், ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில். கூட்டமாக இருந்தால் அடி ஒருவர் மேலேயே விழாது. பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துச் சுமார் மூன்று கிழமை பட்டினி கிடந்து பொரிக்கும். அந்த வீங்கிய தாடையைப் பார்ப்பதற்கே இந்த மீனை வளர்க்கலாம். கருங்கல்லை முதலில் அடியில் அடுக்கி, அதன் பிறகுதான் ஆற்று மணல் போடுங்கள். மணலுக்கு மேல் கல்லை வைத்தால் மீன் தோண்டித் தோண்டிக் கல்லைச் சரித்துவிடும். கடலிலிருந்து பவளக்கல் எடுத்துவர நினைக்காதீர்கள், சட்டம் விடாது. இதே மீனை 3 அடித் தொட்டியில் விட்டால், ஒரு முரட்டு ஆண் முழுத் தரையையும் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும்.

உயரத் தொட்டி ஜெயிக்கும் ஒரே இடம் ஏஞ்சல். அமேசன் பக்கத்து மீன், மென்மையான தண்ணீர் பிடிக்கும், மேலும் கீழும் நீண்ட செட்டைக்கு உயரம் வேண்டும். குழாய்த் தண்ணீரும் 3 அடித் தொட்டியும்தான் உங்களுக்கு வாய்த்தது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். குஞ்சாக ஐந்தாறு வாங்குங்கள், ஒரு சோடி தானாகச் சேரும், அப்புறம் மற்றவற்றைப் பிரித்துவிடுங்கள்.

ஒஸ்கார், பிளவர்ஹோர்ன் இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: இந்த இரண்டு தொட்டியும் காணாது. கடையில் 2 அங்குலத்தில் நிற்கும் ஒஸ்கார் ஒரு அடிக்கு வளரும். பாவித்த தொட்டிகள் பல விலைக்கு வருவதற்குக் காரணமே அது என்பது என் சந்தேகம்.

நாலாவது தெரிவைப் பலர் நினைப்பதேயில்லை. தெற்காசியாவுக்கே உரிய சிக்லிட் மூன்று இனம்தான், அதில் இரண்டு இலங்கையில் உண்டு. பச்சை குரோமைட் கறிச்சட்டி அளவுக்கு வளரும், தொட்டிக்குச் சரிவராது. ஒரேஞ்ச் குரோமைட் 8 சென்ரிமீற்றரோடு நிற்கும். களப்பின் உவர்நீருக்கும் நன்னீருக்கும் பழகிய மீன், லேசாக உப்புக் கரிக்கும் கிணறு என்றால் இன்னும் சந்தோஷம். தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சு காக்கும். மலாவி மஞ்சளின் பளபளப்பு இதில் இல்லை, உண்மைதான். ஆனால் எனக்கு 4 அடித் தொட்டி கிடைத்தால் இதில் ஆறேழுதான் விடுவேன். வலையில் பிடித்தது என்றால் இரண்டு கிழமை தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

எந்தத் தொட்டி எடுத்தாலும், நீங்கள் போகும் வரை பில்டரை நிறுத்த வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பக்ரீரியா அந்த அழுக்குப் பஞ்சில்தான் இருக்கிறது. அதை அதே தொட்டித் தண்ணீரில் நனைந்தபடி வாளியில் கொண்டுவந்து உடனே ஓடவிட்டால், புதிதாகத் தொடங்குபவர் காத்திருக்கும் 4 முதல் 6 கிழமையில் பெரும்பகுதி மிச்சம். குழாய்த் தண்ணீரில் அலசினால் எல்லாம் போச்சு. காற்று மோட்டரில் ஓடும் பஞ்சு பில்டர் என்றால் இன்னும் நல்லது, கரண்ட் போனால் பற்றரி மோட்டரை மாட்டிவிடலாம்.

"மீனையும் சேர்த்து எடுங்கோ" என்று மிஞ்சிய ஒஸ்காரையும், தொட்டி கழுவும் என்று விற்கும் சக்கர் மீனையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்கினால் கடைக்குக் கொடுங்கள், வாவியில் மட்டும் விடாதீர்கள். 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட திலாப்பியாவும் ஒரு சிக்லிட்தான், இன்று அது இல்லாத குளம் எது?